சூடு தெரிகிறதா? சும்மா இருக்காதீர்கள்!

1997-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந்தேதி, வெள்ளிக்கிழமை.

டெல்லி நகரின் தென்பகுதியில் உள்ள உபகார் தியேட்டரில் "பார்டர்" என்ற இந்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. படம் அன்றுதான் வெளியாகியிருந்தது. பிற்பகல் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பலர் குழந்தைகளையும் அழைத்து வந்திருந்தார்கள்.

மாலை சுமார் 5 மணிக்குத் தியேட்டருக்குள் புகை நுழைந்தது. விளக்குகள் அணைந்தன. அபாய மணி ஒலிக்கவில்லை. மேலே பால்கனியில் இருந்தவர்கள் இருட்டில் வழி தெரியாமல் முட்டி மோதினார்கள். கூடுதல் நாற்காலிகள் போடுவதற்காக ஒரு பக்கத்து நடைபாதை முன்பே அடைக்கப்பட்டிருந்தது.

அன்று 59 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள். இறந்தவர்கள் தீயில் கருகி இறக்கவில்லை. நச்சுப் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

நாடே கண்ணீர் விட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. அடைத்த வழி, ஒலிக்காத மணி என்று பல குற்றங்கள் வெளிவந்தன. ஆனால் முதல் பொறி எங்கிருந்து கிளம்பியது? அந்தக் கதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

அரைகுறை வேலை

தியேட்டர் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, மின்சார வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அன்று காலை 7 மணிக்கு முன்பே அதில் ஒருமுறை தீப்பிடித்தது. அணைத்துவிட்டார்கள். பிறகு ஊழியர்கள் வந்து பழுது பார்த்தார்கள்.

கேபிளின் நுனியில் ஓர் அலுமினியக் குழலை மாட்டி, அதற்கென்று உள்ள கருவியால் இறுக்கி நசுக்க வேண்டும். அப்போதுதான் கேபிளும் குழலும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கருவியை அன்று உபயோகிக்கவில்லை. சுத்தியலால் அடித்து மாட்டிவிட்டார்கள். மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்தது. வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள்.

இணைப்பு இறுக்கமாக இல்லை. அதில் பொறி பறந்தது. மாலையில் கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் தகட்டில் உரசித் துளை போட்டது. எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. அருகில் நின்ற கார்கள் எரிந்தன. புகை மேலே ஏறியது.

காலையில் செய்த பழுதுக்கும் மாலையில் பிடித்த தீக்கும் இடையே பல மணி நேரம் இருந்தது. தளர்ந்த இணைப்பு எதுவும் எடுத்த எடுப்பில் எரிவதில்லை. முதலில் சூடாகும். அந்தச் சூட்டை யாராவது பார்த்திருந்தால் ஆபத்தை முன்னதாகவே அறிய வாய்ப்பு இருந்தது. பார்க்க ஒருவரும் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான்

தியேட்டர் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். டெல்லியில் பெரிய அளவில் நடந்தது, சிறிய அளவில் எந்த வீட்டிலும் நடக்கலாம்.

சமையல் அறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்சி, கிரைண்டர், மின்சார அடுப்பு மூன்றும் தொங்குகின்றன. கிரைண்டரின் பிளக் சாக்கெட்டில் நிற்காமல் ஆடுகிறது. அதற்கு ஒரு காகிதத்தை மடித்து அண்டக் கொடுக்கிறார்கள். திருவிழா சீரியல் விளக்குக்குப் பிளக்கே இல்லை. வயரின் முனையைச் சீவிச் சாக்கெட் துளையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி நிறுத்துகிறார்கள். தண்ணீர் மோட்டாரின் வயர் அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது.

இவை ஒவ்வொன்றும் ஒரு தளர்ந்த இணைப்பு. ஒவ்வொன்றும் சூடாகிக்கொண்டே இருக்கிறது. "இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

எங்காவது வீடோ கடையோ எரிந்தால், "மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்தது" என்று மறுநாள் செய்தி வருகிறது. மின்கசிவாலும் தீப்பிடிப்பது உண்டு. ஆனால் எல்லாத் தீக்கும் அந்த ஒரே பெயரைச் சூட்டினால் உண்மையான காரணம் மறைந்துபோகும். திருகாணியை இறுக்காதது, மெல்லிய வயரில் பெரிய சாமானை ஓட்டியது, ஆடும் பிளக்கை மாற்றாதது ஆகியவையும் காரணங்கள்தான். இவை விதியின் செயல் அல்ல. மனிதர்கள் செய்த தவறுகள். திருத்தக்கூடிய தவறுகள்.

பியூஸ் காப்பாற்றாதா?

"ஆபத்து என்றால் பியூஸ் போய்விடுமே, பிறகு என்ன பயம்?" என்று பலர் கேட்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் பெரிய ஆபத்து.

அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் பியூஸ் உருகும். இக்கால வீடுகளில் உள்ள எம்.சி.பி. சுவிட்சும் அப்படியே, அளவு மீறினால் தானாக விழும். தளர்ந்த இணைப்பிலோ மின்சாரம் அளவுக்கு மேல் ஓடுவதே இல்லை. வழக்கமான மின்சாரம்தான் ஓடுகிறது. ஆனால் ஓடும் வழி ஓர் இடத்தில் குறுகிவிடுகிறது. அந்த ஓர் இடம் மட்டும் கொதிக்கிறது. பியூசுக்கு இது தெரியாது.

மனிதர் உடலில் மின்சாரம் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. ஆர்.சி.சி.பி. என்பது அதன் பெயர். வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் வகை. எல்லா வீட்டிலும் இருக்க வேண்டிய சாதனம் அது. ஆயினும் தளர்ந்த இணைப்பின் சூட்டை அதுவும் அறியாது. மின்சாரம் வெளியே கசிந்தால்தான் அது விழும்.

ஆகவே இந்த ஒரு கோளாறுக்கு முன்னறிவிப்பு ஒன்றுதான். அது சூடு.

ஒரு சிறு கணக்கு

மின்சாரம் ஓடும் வயர் ஏன் சூடாகிறது? இதற்குக் கணக்கு கண்டவர் ஜேம்ஸ் ஜூல் என்ற இங்கிலாந்துக்காரர். மான்செஸ்டர் பகுதியில் பீர் காய்ச்சும் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். 1840-ம் ஆண்டில், இருபது வயதைத் தாண்டிய இளைஞராக இருந்தபோதே இதைக் கண்டுபிடித்தார்.

மின்னோட்டம் 2 மடங்கு ஆனால் சூடு 4 மடங்கு ஆகும். 3 மடங்கு ஆனால் 9 மடங்கு ஆகும். வழியில் தடை எவ்வளவு அதிகமோ, சூடும் அவ்வளவு அதிகம். இதுதான் அவர் கண்ட விதி.

குளியல் அறையில் உள்ள 2,000 வாட் கீசரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 9 ஆம்பியர். அதன் சாக்கெட் தளர்ந்து, ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்கு தடை ஏற்பட்டது என்று வையுங்கள். அந்த இடத்தில் மட்டும் சுமார் 25 வாட் சூடு பிறக்கும்.

25 வாட் என்றால் எவ்வளவு? ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கிப் பற்ற வைக்கும் சிறு சூட்டுக்கோலின் சக்தி பெரும்பாலும் அவ்வளவுதான். அப்படி ஒரு சூட்டுக்கோலைச் சுவர்ப் பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம்.

கீசருக்கோ இதனால் ஒரு குறையும் இல்லை. 230 வோல்ட்டில் 3 வோல்ட் குறைந்தால் அதற்குத் தெரியாது. தண்ணீர் வழக்கம்போல் சூடாகும். வீட்டாரும் வழக்கம்போல் குளிப்பார்கள்.

சுவருக்குள் இருக்கும் சாதாரண வயரின் பிளாஸ்டிக் உறை சுமார் 70 டிகிரி சூடு வரைதான் தாங்கும்படி செய்யப்படுகிறது. அதற்கு மேல் போனால் உறை கெட்டுப்போகும். சூட்டால் உலோகத்தின் மேல் கறை படியும். கறை படிந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் கூடும். இந்தச் சுற்று நாளுக்கு நாள் வளர்ந்து ஒரு நாள் தீயில் முடியும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

குழந்தையின் நெற்றியில் கை வைத்துத் தாய் காய்ச்சலைக் கண்டுபிடிக்கிறாள். மின்சாரக் கம்பியில் அப்படிக் கை வைக்க முடியாது. தொடாமலே சூட்டைப் பார்க்க வழி உண்டா?

உண்டு. அந்த வழியைத் திறந்துவிட்டவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். முதலில் சங்கீத வித்வான். பிறகு வான சாஸ்திரி. 1781-ம் ஆண்டில் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

1800-ம் ஆண்டில் அவர் ஒரு பரிசோதனை செய்தார். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே விட்டு, வானவில்லின் நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவை விடச் சிவப்பில் சூடு அதிகமாக இருந்தது. பிறகு சிவப்பையும் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். அங்கே சூடு இன்னும் அதிகமாக இருந்தது!

கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று அங்கே விழுந்துகொண்டிருந்தது. அதைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். சூடான பொருள் எல்லாம் இந்தக் கதிரை வீசுகிறது. மனித உடலும் வீசுகிறது. சூடு ஏற ஏறக் கதிரும் அதிகமாகும்.

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியபோது, கடை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நெற்றிக்கு நேராகப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்களே, நினைவு இருக்கிறதா? அந்தக் கருவி அளந்தது இந்தக் கதிரைத்தான்.

சூட்டைப் படம் பிடிக்கும் காமிரா

அந்தக் கருவி ஓர் இடத்தின் சூட்டை மட்டும் சொல்லும். அகச்சிவப்புக் காமிரா ஒரு முழுக் காட்சியையே சூட்டுப் படமாகக் காட்டும். குளிர்ந்த இடம் நீலமாகவும், சூடான இடம் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் திரையில் தெரியும். நூறு இணைப்புகள் உள்ள ஒரு மின்சாரப் பலகையில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால், அந்த ஒன்று விளக்குப்போல் பளிச்சென்று தெரியும். மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை. எதையும் தொட வேண்டியதில்லை.

உயர் அழுத்த மின்கம்பிகளைப் பரிசோதிக்க இத்தகைய கருவி 1965-ம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. அன்று அது பெரிய சாமான். இன்று கையில் அடங்குகிறது.

காமிராவை வாங்கினால் மட்டும் போதாது. உபயோகிக்கத் தெரிய வேண்டும். சுவருக்குப் பின்னாலும் இரும்பு மூடிக்குப் பின்னாலும் உள்ளதை அது காட்டாது. மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. மின்சாரம் நன்றாக ஓடும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் கோளாறான இணைப்பும் குளிர்ந்து கிடக்கும்.

இன்னொன்று. பளபளப்பான உலோகம் காமிராவை ஏமாற்றும். விளக்கித் துடைத்த பித்தளைச் செம்பில் கொதிக்கும் நீர் இருந்தாலும், காமிராவுக்கு அது குளிர்ந்ததாகத் தோன்றலாம். செம்புக் கம்பியும் அப்படித்தான். இதை அறியாதவர் "எல்லாம் சரி" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

அனுபவசாலிகள் ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு இணைப்புகளில் ஒரே அளவு மின்சாரம் ஓடினால், இரண்டின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல் போனால் பெரிய கோளாறு, உடனே சரிசெய் என்பது அமெரிக்க மின்சாரப் பரிசோதகர்கள் வகுத்துள்ள நெறி.

விதிகள் பிறந்த கதை

மின்விளக்கு பரவத் தொடங்கிய காலத்திலேயே தீப்பயமும் வந்துவிட்டது. லண்டனில் 1882-ம் ஆண்டிலேயே மின்விளக்கால் தீப்பிடிக்காமல் தடுக்க விதிகள் எழுதினார்கள். அமெரிக்காவில் 1897-ம் ஆண்டில் தேசிய மின்சார நெறிகள் வெளிவந்தன.

இந்தியாவில் 1910-ம் ஆண்டில் மின்சாரச் சட்டம் வந்தது. 1956-ல் மின்சார விதிகள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-லும், பிறகு 2023-லும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. வயருக்கும் பிளக்குக்கும் சுவிட்சுக்கும் தரம் வகுத்திருப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 1947-ல் தொடங்கிய பழைய தர நிறுவனத்தின் வாரிசு இது. கடையில் "ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?" என்று கேட்கிறோமே, அது இந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 2023-ம் ஆண்டில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது. மின்சாதனங்களைப் பராமரிப்பது பற்றிய அதன் நூல் அதுவரை வெறும் சிபாரிசாக இருந்தது. 2023-ல் அதைக் கண்டிப்பான தர விதியாக மாற்றினார்கள். தொழிற்சாலை, அலுவலகம் போன்ற இடங்களில் மின்சாதனங்களைக் குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கருவியால் பரிசோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. "செய்தால் நல்லது" என்பதற்கும் "செய்தே ஆக வேண்டும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

வீட்டில் என்ன செய்யலாம்?

வீட்டுக்குக் காமிரா வேண்டியதில்லை. கண், மூக்கு, காது, கை ஆகிய நான்கும் போதும்.

1. சுவிட்ச் பெட்டியிலும் பிளக்கிலும் பழுப்பு நிறம் படிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் உருகி நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம். உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள்.

3. சுவிட்ச் போட்டதும் "உஸ்" என்றோ "சடசட" என்றோ சத்தம் கேட்டாலும், விளக்கு துடித்து எரிந்தாலும் இணைப்பில் கோளாறு இருக்கலாம்.

4. இஸ்திரிப் பெட்டி, கீசர், கிரைண்டர் போன்றவை அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணையுங்கள். ஈரம் இல்லாத கையால் பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயற்கை. கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தச் சாக்கெட்டை இனி உபயோகிக்காதீர்கள்.

5. கீசர், ஏ.சி. போன்ற பெரிய சாமான்களுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற தடித்த வயரும் வேண்டும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டக் கூடாது.

6. பியூஸ் போனால் அளவான கம்பிதான் போட வேண்டும். தடித்த செம்புக் கம்பியைக் கட்டினால் பியூஸ் இருந்தும் இல்லாததுபோல் ஆகும்.

7. கோளாறு தெரிந்தால் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பழைய சாக்கெட்டை மாற்ற ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஒருநாள் சினிமா பார்க்கும் செலவுக்கு மேல் போகாது.

பொது இடங்களின் கடமை

வீட்டை வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியை யார் பார்ப்பது? தியேட்டரை, கல்யாண மண்டபத்தை, பள்ளிக்கூடத்தை, நாலு மாடி ஜவுளிக்கடையை யார் பார்ப்பது? அங்கே போகிறவர்கள் சுவிட்ச் பலகை அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. உரிமையாளரை நம்பித்தான் உள்ளே நுழைகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் கூடும் கட்டிடம் ஒவ்வொன்றிலும், ஏ.சி.யும் விளக்கும் முழு வேகத்தில் ஓடும் நேரத்தில், ஆண்டுக்கு ஒருமுறையாவது அகச்சிவப்புக் காமிராவால் பரிசோதனை நடக்க வேண்டும். பெரிய பழுதுவேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். பரிசோதனை நடந்த தேதியையும், கண்ட குறையையும், அதைச் சரிசெய்த தேதியையும் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். படம் எத்தனை மணிக்கு என்று எழுதிப் போடுகிறார்கள். கட்டிடம் பத்திரமா என்பதையும் எழுதிப் போடட்டும்.

அரசு அதிகாரிகள் இதை வற்புறுத்த வேண்டும். பொதுமக்களும் கேட்க வேண்டும். கல்யாண மண்டபம் பேசப் போகும்போது, சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை இலை போடலாம் என்று கேட்கிறார்கள். மின்சாரப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று அதோடு ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் உரிமையாளர் பரிசோதனையை முடித்து வைத்திருப்பார்.

உபகார் தியேட்டரில் அன்று காலை ஒரு கருவியை எடுத்து ஒழுங்காக இறுக்கியிருந்தால், மாலையில் 59 பேர் வீடு திரும்பியிருப்பார்கள். செய்ய வேண்டிய வேலை அவ்வளவு சிறியது. இழந்ததோ அவ்வளவு பெரியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கிரைண்டரில் மாவு ஆட்டி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தப் பிளக்கை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.